டுஷேன் பையனுக்கு ஸ்டீராய்டு: கொடுக்கலாமா, வேண்டாமா?

சங்கரன்கோவில் பக்கம் ஸ்டீராய்டு பற்றி ரெண்டு கருத்துதான் அடிக்கடி காதில் விழும்.

ஒன்று: "அந்தச் சின்ன மாத்திரை போட்டா மூட்டுவலி டக்குனு நின்னுருது சார். அதையே எழுதிக் குடுங்க."

இன்னொன்று: "ஸ்டீராய்டா? ஐயையோ, அது விஷம்லா! கிட்னி போயிரும்லா!"

இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று யோசித்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் சில பெற்றோருக்கு வந்துவிடும். அவர்களுக்காகவும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் சொந்தக்காரர்களுக்காகவும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

நோயின் பெயர் டுஷேன் தசைச்சிதைவு. 1860களில் இதை விரிவாக எழுதி வைத்தவர் பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மருத்துவர் டுஷேன். அதனால் அந்தப் பெயர். அடிப்படையில் இது தசையின் நோய். ஆனாலும் பார்ப்பது நரம்பியல் பிரிவில்தான். சில பையன்களுக்குப் படிப்பிலும் கவனத்திலும் சிரமம் இருக்கும். காரணம், தசையில் இல்லாமல் போகும் அதே புரதத்துக்கு மூளையிலும் வேலை உண்டு.

அந்தப் புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோபின். எங்க ஊர் தறி ஊர். அதனால் தறிக்காரர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் என்ன ஆகும்? நூல் அதே நூல்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உராய்ந்து, பிசிறு தட்டி, ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே போகும். டிஸ்ட்ரோபின் அந்தக் கஞ்சி மாதிரி. அது இல்லாத தசை, பையன் ஓடும்போதும் படி இறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. உடம்பு ஒட்டுப் போட்டுப் பார்க்கும். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் வந்து உட்கார்ந்துவிடும்.

ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் பையன்களுக்குத்தான்.

பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வயதில் அம்மாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். "அடிக்கடி விழுதான் சார். மத்த பிள்ளைய மாதிரி ஓட மாட்டேங்கான். படி ஏற கம்பியப் பிடிக்கான்."

வீட்டில் ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். "கெண்டைக்காலப் பாருங்க, கபடிக்காரன் மாதிரி இருக்கு. பிள்ளைக்கு என்ன குறை?" அந்தப் பருத்த கெண்டைக்காலே நோயின் அடையாளம்.

இன்னொரு அடையாளம்: தரையில் உட்கார்ந்த பையனை எழச் சொல்லுங்கள். முதலில் கையைத் தரையில் ஊன்றுவான், பிறகு முழங்காலில், பிறகு தொடையில். தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவது போல எழுவான். லண்டனில் கோவர்ஸ் என்ற மருத்துவர் 1879-ல் விவரித்தது இது. இன்றைக்கும் செலவில்லாத முதல் பரிசோதனை இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பையன்களுக்கு ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. உயர்ந்திருக்கும். உடனே கல்லீரல் கோளாறு என்று நினைத்து, மாதக்கணக்கில் கல்லீரல் டானிக்கும் கீழாநெல்லியும் கொடுத்துக் காலம் போய்விடும். அந்த நொதிகள் தசையிலும் உண்டு. தசை கிழிந்தாலும் ரத்தத்தில் ஏறும். அப்போது பார்க்க வேண்டிய பரிசோதனை சி.பி.கே. சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, இந்த நோயில் 10,000, 20,000 என்று போகும். அதைப் பார்த்தபின் மரபணுப் பரிசோதனை செய்து நோயை உறுதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் கோவையில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களிலும் இதற்கான சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஸ்டீராய்டுக்கு வருவோம்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா விசைத்தறியில் வேலை. அம்மா வீட்டில் பூக்கட்டுகிறார். பையனுக்கு ஐந்தரை வயசு, எடை 20 கிலோ. நோய் உறுதியாகிவிட்டது. நரம்பியல் மருத்துவர் ஸ்டீராய்டு தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறார். சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "இதைப் போட்டா குணமாயிருமா சார்?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு சார் போடணும்?"

நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் மாத்திரையைத் தொடங்கினால், மூணாவது மாசம் முகம் உப்பும்போது அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

ஸ்டீராய்டு டிஸ்ட்ரோபினைக் கொண்டுவராது. கஞ்சி போடாத பாவு, கஞ்சி போடாத பாவுதான். கிழிந்த இடத்தில் வரும் அழற்சியை அது குறைக்கிறது. அதனால் தசை அழியும் வேகம் குறைகிறது. அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு?

1989-ல் அமெரிக்காவில் 103 பையன்களை வைத்து ஒரு ஆய்வு. சிலருக்கு பிரெட்னிசோன், சிலருக்கு வெறும் மாத்திரை. ஆறு மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களின் தசை பலம் தெளிவாகக் கூடியிருந்தது. ஒரு கிலோ எடைக்கு 0.75 மில்லிகிராம் என்ற தினசரி அளவு அங்கிருந்து வந்ததுதான்.

2018-ல் லான்செட் இதழில் இன்னொரு ஆய்வு. 440 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்தவர்களை, எடுக்காதவர்களோடும் ஒரு மாதம்கூட எடுக்காதவர்களோடும் ஒப்பிட்டார்கள். எழுந்து நிற்பது, படி ஏறுவது, நடப்பது போன்ற திறன்களை இழக்கும் வயது 2.1 முதல் 4.4 ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. கைகளின் திறன்கள் 2.8 முதல் 8 ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தன.

ஸ்டீராய்டு இல்லாமல் விட்டால் பெரும்பாலான பையன்கள் 12 வயதை ஒட்டி நடையை இழக்கிறார்கள். இந்த ஆண்டுகளை அந்த 12-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ரெண்டு மூணு ஆடித்தபசு கூடுதலா நடந்து பாப்பான்னு சொல்லுதீங்க" என்றார்.

ஆமாம். அதைத்தான் சொல்கிறேன்.

அம்மா வேறு ஒன்று கேட்டார். "கை எம்புட்டு நாளைக்கு சார் வேலை செய்யும்? சோத்த அவனே அள்ளித் தின்பானா?"

டுஷேன் பற்றி யார் பேசினாலும் நடையைப் பற்றித்தான் பேசுவோம். ஆனால் சக்கர நாற்காலிக்கு வந்தபிறகும் ஒருவனுக்கு வாழ்க்கை இருக்கிறது. தானே சாப்பிடுவது, மூக்கைச் சொறிந்துகொள்வது, செல்போனைப் பிடிப்பது, பேனா பிடித்துப் பரீட்சை எழுதுவது எல்லாம் கையில் இருக்கிறது. முதுகு கூன் விழுவதும், மூச்சுத் திறன் குறைவதும் ஸ்டீராய்டால் தள்ளிப்போகிறது. அதனால்தான் நடை நின்ற பிறகும் மாத்திரையைத் தொடரச் சொல்கிறோம். "நடையே போச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று நிறுத்தும் வீடுகள் உண்டு. அது தவறு.

இனி விலையைப் பேசுவோம். பணத்தைச் சொல்லவில்லை. பிரெட்னிசோலோன் மலிவான மாத்திரை, டெஃப்லசகார்ட்டும் இந்தியாவில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைதான். (இதே டெஃப்லசகார்ட்டுக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஒரு கம்பெனி வருடத்துக்கு 89,000 டாலர் என்று விலை வைத்து, பெரிய சண்டையே நடந்தது.) பையனின் உடம்பு கொடுக்கும் விலையைச் சொல்கிறேன்.

பசி எடுக்கும். எடை ஏறும். முகம் நிலா மாதிரி உருண்டையாகும். உயரம் வளராது, பள்ளிக்கூட வரிசையில் முன்னால் நிற்கும் பையனாகவே இருப்பான். பருவ வளர்ச்சி தாமதமாகும். கோபம் வரும், பிடிவாதம் கூடும், சில பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். எலும்பு மெலியும், முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கலாம். கண்ணில் புரை விழலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம். கிருமித் தொற்றை எதிர்க்கும் சக்தி குறையும்.

இதில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் எல்லாமும் வராது. ஆனால் வருடக்கணக்கில் எடுக்கும் பையனுக்கு இதில் சில வராமலும் போகாது.

எடை கூடுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பலமில்லாத கால் தூக்க வேண்டிய பாரம் அது. நாளைக்கு அம்மா தூக்க வேண்டிய பாரமும் அதுதான். பிரெட்னிசோலோனோடு பார்த்தால் டெஃப்லசகார்ட்டில் எடை குறைவாக ஏறுகிறது. ஆனால் உயரம் குறைவதும் கண்புரையும் அதில் அதிகம். 2022-ல் வெளிவந்த ஆய்வில், ஐந்து நாடுகளில் 4 முதல் 7 வயது வரையுள்ள 196 பையன்களுக்கு மூன்று விதமாகக் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். தினமும் கொடுத்த ரெண்டு மருந்துகளுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து நாள் கொடுத்து பத்து நாள் விடும் முறையில் பலன் குறைவாக இருந்தது. ஆக, எந்த மருந்து என்பதை அந்தப் பையனின் எடை, கண், குணம் பார்த்து முடிவு செய்யலாம்.

நான் பார்த்த இன்னொரு வீட்டில், இதே மாத்திரை தொடங்கி ஒன்றரை வருடத்தில் பையனின் கோபம் தாங்க முடியாமல் போனது. அக்காவை அடிக்கிறான், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். அளவைக் குறைத்துப் பார்த்தோம், மருந்தை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் நரம்பியல் மருத்துவரும் பெற்றோரும் பேசி, படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவையும் நான் மதிக்கிறேன். அந்த வீட்டில் நிம்மதி போய், பையனும் நிம்மதியாக இல்லை என்றால், கூடுதலாக நடக்கும் ரெண்டு வருடத்தை வேறு விதமாகத்தான் எடை போட வேண்டும். இந்தத் தராசு வீட்டுக்கு வீடு மாறும்.

"படிப்படியாகக் குறைத்து" என்று எழுதியதைத் தயவுசெய்து கவனியுங்கள். இந்தப் பதிவிலேயே உயிர் காக்கும் வரி அதுதான்.

நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அதுதான் சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் மாத்திரை வந்தால், "எனக்கு வேலை இல்லை" என்று அது ஓய்ந்துவிடும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஒரு பையனை அப்படித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ சொந்தக்காரர் வாட்ஸ்அப் வீடியோ பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு, பிள்ளையக் கொன்னுரும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே மாத்திரை குப்பைக்குப் போனது. நாலாவது நாள் பையன் துவண்டு கிடந்தான். பிழைத்துவிட்டான். ஸ்டீராய்டு எடுத்ததால் வந்த ஆபத்து என்றுதான் ஊர் பேசியது. உண்மையில் அது நிறுத்தியதால் வந்த ஆபத்து.

ஆகவே, தொடங்குவது என்று முடிவெடுத்தால் இவற்றைச் செய்யுங்கள்:

1. பையன் நன்றாக இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். பொதுவாக 4 முதல் 6 வயது, அதாவது பலம் சரியத் தொடங்கும் முன். தள்ளிப்போனால் காப்பாற்ற மிச்சமிருக்கும் தசை குறைவு.

2. தடுப்பூசிகளை முதலில் முடியுங்கள். குறிப்பாக அம்மை வகைத் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமி கொண்டவை. ஸ்டீராய்டு தொடங்கியபின் அவற்றைப் போடுவது சிக்கல்.

3. வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறதா, நாள்பட்ட இருமல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பூச்சி மருந்தும் கொடுத்துவிடுங்கள்.

4. உயரம், எடை, ரத்த அழுத்தம், கண், வைட்டமின் டி எல்லாவற்றையும் தொடங்கும் முன்பே குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

5. காலையில், சாப்பிட்டபின் மாத்திரை. உப்பு, இனிப்பு, பொரித்த பலகாரம் குறைவு. முதல் மாதத்திலிருந்தே குறைத்தால்தான் பழகும். முழு வீடும் குறைக்க வேண்டும். அவனை மட்டும் பார்க்க வைத்துச் சாப்பிடாதீர்கள்.

6. "இந்தப் பையன் தினமும் ஸ்டீராய்டு எடுக்கிறான், திடீரென நிறுத்தக்கூடாது" என்று எழுதிய அட்டை பையிலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கட்டும். கடும் காய்ச்சல், தொடர் வாந்தி, விபத்து, அறுவை சிகிச்சை என்றால் அளவைக் கூட்டவோ ஊசியாகக் கொடுக்கவோ வேண்டியிருக்கும். மயக்க மருந்து கொடுப்பவரிடம் டுஷேன் என்று கட்டாயம் சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது.

7. வருடத்துக்கு ஒரு முறை இதய எக்கோ. இதயமும் தசைதான்.

முக்கியமாக, இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்கித் தொடங்காதீர்கள்.

அந்த வீட்டு ஆச்சி கடைசியாக என்னிடம் கேட்டது புற்று மண்ணைப் பற்றி. சங்கரநயினார் கோயில் புற்று மண் எங்க ஊரில் எல்லாவற்றுக்கும் மருந்து. "தாராளமா நெத்தியில பூசுங்க ஆச்சி. வாயில மட்டும் போட வேண்டாம். இந்த மாத்திரை எடுக்கிற பிள்ளைக்கு மண்ணுல உள்ள கிருமி சீக்கிரம் ஒட்டிக்கிடும்" என்றேன். ஆச்சி ஒத்துக்கொண்டார். மருந்துக்கும் நம்பிக்கைக்கும் வீட்டுக்குள் சண்டை மூட்டிவிட்டால், பெரும்பாலும் தோற்பது மருந்துதான்.

இன்னொரு சண்டையும் அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "சொந்தத்துல கட்டினதாலதான் இப்படி" என்று ஒரு பக்கம். "இவ வயித்துக் கோளாறு" என்று மருமகளைப் பார்த்து ஒரு பக்கம்.

சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் நிறைய உண்டு. டுஷேன் அந்த வகை இல்லை. இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணுக் கோளாறு. தூரத்துச் சம்பந்தத்தில் கட்டியிருந்தாலும் இதே வாய்ப்புதான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு அம்மாவிடம் கோளாறே இருக்காது, புதிதாகத் தோன்றியிருக்கும். அம்மாவிடம் இருந்தாலும், தன் உடம்பில் என்ன மரபணு இருக்கிறது என்று தேர்ந்தெடுத்துப் பிறந்தவர் யாரும் இல்லை. அம்மாவுக்கும் சித்தி, பெரியம்மாவுக்கும் பரிசோதனை செய்யச் சொல்வது அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள. கோளாறைச் சுமக்கும் தாய்க்கு, பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனை இல்லை.

"16 கோடி ஊசி மாதிரி இதுக்கும் ஒண்ணு வந்துருக்காமே சார்?" என்று கேட்பவர்களுக்கு: 2023-ல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை 32 லட்சம் டாலர், அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 26 கோடி ரூபாய். குணமாக்கும் என்று சொல்லும் நிலையில் அது இல்லை. 2025-ல், நடை இழந்த ரெண்டு பேர் அதை எடுத்தபின் கல்லீரல் செயலிழந்து இறந்ததும் நடந்தது. அதை எடுப்பவர்களும் ஸ்டீராய்டு எடுத்தே ஆக வேண்டும். எலும்பை அவ்வளவாகப் பாதிக்காத வமோரொலோன் என்ற புதிய வகை ஸ்டீராய்டும் 2023-ல் அங்கே வந்திருக்கிறது. நல்ல செய்திகள் வரும். வரும்வரை பையனின் தசையையும் மூச்சையும் காப்பாற்றி வைப்பது நம் கையில் இருக்கும் வேலை.

அரசாங்க உதவியையும் விட்டுவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு நோய் தனியாகவே பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டை வாங்குங்கள். தமிழ்நாட்டில் இந்த நோயாளிகளுக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நம் பக்கம் 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்டம் என்பதால் அலுவலகமும் தென்காசியில்தான்.

தசைச்சிதைவோடு வாழ்ந்த சேலம் வானவன் மாதேவியும் அவர் தங்கை இயலிசை வல்லபியும், நடக்க முடியாத நிலையிலும் 2009-ல் ஆதவ் டிரஸ்ட் தொடங்கி இந்த நோயாளிகளுக்காக ஓடினார்கள். அவர்களுக்கு இருந்தது டுஷேன் அல்ல, இதே குடும்பத்தைச் சேர்ந்த நோய். வானவன் மாதேவி 2017-ல் காலமானார். "நடை போனா எல்லாம் போச்சு" என்று யாராவது சொன்னால் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அந்தத் தறிக்கார அப்பா ஒரு வாரம் யோசித்தார். தடுப்பூசி பாக்கி இருந்ததை முடித்தோம். திருநெல்வேலியில் கண் பார்த்துவிட்டு வந்தார்கள். டெஃப்லசகார்ட் 6 மில்லிகிராம் மாத்திரை, தினமும் மூன்று. இப்போது எட்டு மாதம் ஆகிறது. முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, மூணு கிலோ ஏறியிருக்கிறது. தரையிலிருந்து எழும் நேரம் 7 நொடியிலிருந்து 5 நொடியாகக் குறைந்திருக்கிறது. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் தராசை மறுபடி தூக்கிப் பார்க்கிறோம். இன்றுவரை தட்டு கொடுக்கும் பக்கமே சாய்ந்திருக்கிறது.

உங்கள் தெருவில், உங்கள் பள்ளிக்கூடத்தில், தொடையில் கை ஊன்றி எழும் நாலு வயசுப் பையன் யாராவது இருந்தால், "சவலைப் பிள்ளை, சரியாயிரும்" என்று சொல்லாதீர்கள். அவன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: ஒரு சி.பி.கே. பார்த்துவிடலாம். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

டீச்சர்களுக்கும் அங்கன்வாடி அக்காக்களுக்கும் இதை அனுப்புங்கள். பையன் விழுவதை அதிகம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.